ஓர் எஞ்சினுக்கு நாலு சென்சார்

ஒரு கார் எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சென்சார் போதும். காரைச் செய்தவர்கள் ஒன்றுதான் வைத்திருந்தார்கள். நான் நான்கு வைத்தேன். விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவதைத் தள்ளிப்போட இதைவிடக் கௌரவமான வழி எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். பதினெட்டு வருஷம் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தவள், போன ஐப்பசியில் மழையைக் காரணம் சொல்லி சிதம்பரம் மேலவீதியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். மழை நின்றது. அவள் திரும்பி வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னாள்.

“வக்கீலப் பாத்துட்டேன். ரெண்டு பேரும் சேந்து குடுக்குற மனுதான். சண்ட கிண்ட எதுவும் வேணாம். இந்த வூட்லயும் எனக்கு எதுவும் வேணாம். அப்பாவோட கார் மட்டும் வேணும். வழியில நிக்காம ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க. கொண்டாந்து குடுக்குற அன்னிக்கே கையெழுத்தும் போட்டுடுங்க.”

“டெலிவரி எடுக்கும்போது சலான்ல போடுற மாதிரி,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு அவள் சிரிப்பதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நிறுத்திய நாள்கூட எனக்குத் தெரியும். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிள்ளை இல்லாத எங்களுக்கு அது வெறும் ஆபரேஷன் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் நர்சுகளையும் பக்கத்துக் கட்டில்காரர்களையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தேன். தையல் போட்டிருப்பவர்கள் சிரிக்கக் கூடாது என்று டாக்டரே வந்து என்னை வராந்தாவுக்கு அனுப்பினார். வீடு திரும்பிய அன்று அவள், “எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க. என் பக்கத்துல அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரல,” என்றாள். அதற்கும் என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. நல்ல ஜோக் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கார் என் மாமனாருடையது. கீரப்பாளையத்துப் பக்கம் நெல் பயிரிட்டவர். கார் என்னைவிட மூன்று வயது மூத்தது. வட்டக் கண் விளக்கு, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர், எப்போதும் லேசாகத் தவிட்டு வாசனை. ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் மாமா வண்டியை ஓரம் கட்டி, எந்த வாய்க்கால் பக்கத்தில் இருக்கிறதோ அதில் மொண்டு ஊற்றுவார். முப்பது வருஷ வாய்க்கால் தண்ணீர் அதன் வயிற்றில் இருந்தது. அவர் போன பிறகு கார் எங்களிடம் வந்தது. கோடையில் ஆலப்பாக்கம் தாண்டினால் கொதித்து நிற்கும். என் மனைவி இரண்டு முறை அந்தச் சாலையில் தனியாக நின்றிருக்கிறாள். இரண்டு முறையும் நான் போனில் தைரியம் சொன்னேன்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி என் பள்ளித் தோழன் ஷெட் வைத்திருக்கிறான். மீனவக் குடும்பம். அவன் மட்டும் கடலுக்குப் போகாமல், கடலுக்குப் போகும் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்கிறான். காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் ரேடியேட்டரின் மேல்பக்கம் ஒரு முறை, கீழ்ப்பக்கம் ஒரு முறை கையை வைத்துப் பார்த்தான்.

“ரேடியேட்டர் அடச்சிக்கினு கெடக்குது மச்சான். கழட்டி அடப்பு எடுத்துடலாம். நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போ.”

“நாளைக்கேவா?”

“ஏன், நல்ல நாள் பாக்கணுமா?”

நாளைக்குச் சாயங்காலம் என்றால் நாளை மறுநாள் சிதம்பரம். சிதம்பரம் என்றால் கையெழுத்து. எனக்கு அப்போது அறிவியல் மனப்பான்மை பொங்கி வந்தது.

“ரேடியேட்டர்தான்னு எப்படிடா சொல்ற? ஹெட்டுல இருக்கலாம். தெர்மோஸ்டாட்ல இருக்கலாம். எஞ்சினுக்குள்ள தண்ணி எங்கெங்க எவ்ளோ சூடா ஓடுதுன்னு அளந்து பாத்துட்டு அப்புறம் கை வைக்கணும். ஒரு சென்சார் பத்தாது.”

அவன் என்னை உற்றுப் பார்த்தான். “படிச்சவன் வண்டியத் தொடவே கூடாதுன்னு எங்கப்பா சொல்லும். நான்தான் கேக்கல.”

ஆனால் செய்தான். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதிய காலத்திலிருந்தே நான் கேட்டதை அவன் மறுத்ததில்லை.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் ஏற்கெனவே இருந்த சென்சாரை மாற்றிப் புதிது போட்டோம். அது ஒன்று. அடுத்தது ஹெட்டின் பின்பக்கம், நாலாவது சிலிண்டரை ஒட்டி. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது, அங்கேதான் சூடு ஜாஸ்தி என்று படித்திருந்தேன். அங்கே ஓட்டை போட்டு, சென்சாரைத் திருக மரை எடுக்க அவன் பதினைந்து நாள் பயந்தான். பழைய இரும்பு, விரிசல் விட்டால் போச்சு. அவன் பயம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. மூன்றாவதும் நாலாவதும் ரப்பர் ஹோஸ்களில். ரேடியேட்டருக்குள் தண்ணீர் போகும் மேல் ஹோஸில் ஒன்று, ஆறி வெளியே வரும் கீழ் ஹோஸில் ஒன்று. ரப்பரில் சென்சாரைத் திருக முடியாது. ஹோஸை வெட்டி நடுவில் ஒரு உலோகக் குழாயைச் சொருகி அதில் பொருத்த வேண்டும். குழாயைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார். முதல் தடவை அளவு தவறாகச் சொன்னேன். இரண்டாவது தடவையும் தவறாகச் சொன்னேன். முதல் தடவை சொன்னது வேண்டுமென்று இல்லை.

என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

“வண்டி என்னாச்சுங்க?”

“ஹெட்டுல ஓட்டை போடப் போறோம்.”

“தலையிலயா? உங்களுதுலயா, வண்டியோடதுலயா?”

நான் போனைப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் அவள் சொன்ன முதல் ஜோக். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கீழ் ஹோஸுக்கும் ஒரு சென்சார் வேண்டும் என்று நான் முடிவெடுத்தது மறுநாள்தான்.

அந்த போன் பேச்சுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. நான் எஞ்சினைப் பற்றிச் சொல்வேன். அவள் கேட்டுக்கொள்வாள். வேதியியல்காரி என்பதால், வாய்க்கால் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரில் எப்படிப் படியும் என்று சொல்வாள். பிறகு, “சரி... வேற?” என்பாள். நான், “வேற, மீட்டர் நாலயும் டேஷ்போர்டுக்குக் கீழ வரிசையா வெக்கலாம்னு இருக்கேன்,” என்பேன். “சரி, வெச்சிடறேன்,” என்பாள். ஆனியில் ஒரு நாள் அவள், “வர்ற வாரம் தேரு. எங்க மாடியில நின்னா நல்லாத் தெரியும்,” என்றாள். நான் அன்று வெகு சமர்த்தாக, “தேர் கூட்டத்துல நாலு வீதியிலயும் கார் நிறுத்த எடமே இருக்காது. அது முடிஞ்சி கொண்டாரேன்,” என்றேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்ட திருப்தி எனக்கு. நாலு மாதமாக ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தேன், கையில் ஸ்பேனரோடு.

நான்கும் பொருத்தி முடித்தபோது, தண்ணீர் கசியக் கூடாது என்று ஒவ்வொரு சென்சாரின் மரையிலும் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றினோம். அது அவனுடைய ஷெட்டின் பழக்கம். உப்புத் தண்ணீரில் கிடக்கும் எஞ்சின்களில் டேப் சுற்றாமல் அவன் ஒரு திருகைக்கூட முடுக்கியதில்லை. அவன் நாலு சுற்றுச் சுற்றினான். நான் என் பங்குக்கு மேலும் நாலு சுற்றுச் சுற்றினேன். எஞ்சினை ஓடவிட்டோம். நான்கு மீட்டரிலும் முள் இடது ஓரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஓட்டிப் பார்த்தோம். முள் அப்படியே நின்றது.

“நாலும் ஒண்ணா சொல்லுது மச்சான். கூலா இருக்குது,” என்றான். “ஆனாலும் ரேடியேட்டரக் கழட்டிடலாம்டா. ஒரு நாளு.”

“நாலு சாட்சி சொல்லும்போது எதுக்குடா?” என்றேன். ரேடியேட்டருக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே சூடு காட்டினால் எங்கோ கோளாறு என்று நான் வாங்கிய புத்தகத்தில் போட்டிருந்தது. அடிக்கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் இனி தள்ளிப்போட என்னிடம் காரணம் மிச்சமில்லை. அதைவிட, நாலு மீட்டரையும் அவளிடம் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவள் பார்ப்பாள், சிரிப்பாள், கையெழுத்து இருக்கட்டும், உள்ள வாங்க என்பாள். இதுதான் என் திட்டம். நாலரை மாதம் யோசித்துப் போட்ட திட்டம்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டேன். காரைக்காடு தாண்டியது, ஆலப்பாக்கம் தாண்டியது. முட்கள் நான்கும் இடது ஓரத்தில். புதுச்சத்திரம் தாண்டும்போது சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி வந்தது. ஓரம் கட்டினேன். உள்ளே குழம்பு கொதிப்பது போலச் சத்தம். மீட்டர்களைப் பார்த்தேன். நான்கும் எஞ்சின் குளிர்ச்சியாக இருப்பதாகச் சொல்லின.

தோழனுக்குப் போன் போட்டேன்.

“ஒரு சென்சார் ஒயரப் புடுங்கி எஞ்சின் இரும்புல வெச்சிப் பாரு. சாவியப் போட்டுட்டு,” என்றான்.

வைத்தேன். முள் துள்ளி வலது கோடிக்கு ஓடியது.

“அப்ப மீட்டரு நல்லாத்தான் கீது. ஒயரும் நல்லாத்தான் கீது. சென்சாருக்கு எர்த்து கெடைக்கல...” என்று இழுத்தவன் நிறுத்தினான். பிறகு மெதுவாக, “டேய். டேப்பு சுத்துனமே.”

“சுத்துனோம்.”

“கடலுக்குப் போற போட்டுல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஒயரு மச்சான். பைபர் போட்டுக்கு பாடியில எர்த்து ஏது? அந்தப் பழக்கத்துலயே கையி போயிடுச்சு. காருக்கு ஒத்த ஒயரு, மரை எஞ்சின் இரும்பத் தொட்டாத்தான எர்த்து, அப்பத்தான மீட்டருக்குக் கரண்டு ஓடும்! அத டேப்ப சுத்தி அடச்சிட்டமே. ஹோஸுல கெடக்குற ரெண்டுக்கும் டேப்பு சுத்தலன்னாலும் எர்த்து கெடைக்காது, அது ரப்பருக்கு நடுவுல தொங்குது.” கடைசியில், “நீயாவது படிச்சிக்கினு இருந்தியேடா, அதுல போடலியா?” என்றான்.

போட்டிருந்தது. அதற்கும் அடிக்கோடு இருந்தது.

பிறகு என் மனைவிக்குச் சொன்னேன். அங்கேயே இருங்கள், மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை. தைரியமும் சொல்லவில்லை. “எங்க நிக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டாள். முக்கால் மணி நேரத்தில் கடலூர் போகும் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்களோடு சாலையைக் கடந்து வந்தாள். தோளில் பை. பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரின் நுனி தெரிந்தது.

“மூடியத் தொறந்துடாதீங்க. மூஞ்சி வெந்துடும்,” என்றாள். “அரை மணி ஆவட்டும்.”

சாலையோரப் புளியமர நிழலில் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தோம். நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கு நம்பிக்கைகூட வந்தது. நடந்த கூத்தையெல்லாம் சொன்னேன்: டேப், எர்த்து, நாலு பொய்ச் சாட்சி. நன்றாகவே சொன்னேன். அவள் எழுந்துபோய் கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்குக் கீழே வரிசையாக இருந்த நான்கு மீட்டரையும் குனிந்து பார்த்தாள். ஒன்றின் கண்ணாடியை விரலால் துடைத்தாள். பிறகு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“ரேடியேட்டர் அடச்சிருக்குதுன்னு உங்க ஃப்ரெண்டு மொத நாளே சொன்னாராமே.”

“யார் சொன்னா?”

“அவரேதான். பங்குனியில போன் பண்ணாரு. ‘ஒரு நாள் வேலம்மா, இவன் தள்ளிக்கினே போறான், நீயாவது என்னான்னு கேளு’ன்னாரு.”

“தெரிஞ்சும் நீ ஒண்ணும் சொல்லலயே.”

“எதுக்கு சொல்லணும்? கையெழுத்துப் போட மனசில்லன்னு தெரிஞ்சிது. எனக்கும் அவசரமில்ல. சரி, வருவாருன்னு இருந்தேன்.”

“வண்டி ரெடியானதும்...”

“வண்டி இல்லங்க. நீங்க.” அவள் சாலையைப் பார்த்தபடி பேசினாள். குரல் உயரவில்லை. “கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு போவுது. ஒரு மணி நேரம். பதினெட்டு வருஷம் நான் போய் வந்த பஸ்ஸு. நாலரை மாசத்துல ஒரு நாளு, அத விட்டுட்டு, சும்மா ஏறி வந்திருக்கலாம். தேரன்னிக்கு காலையிலேர்ந்து மாடிக் கதவத் தொறந்தே வெச்சிருந்தேன். காபிக்குப் பாலு ஜாஸ்தியா வாங்கினேன். சாயங்காலம் அந்தப் பால்ல தயிரு ஒற ஊத்திட்டு, அன்னிக்குத்தான் போதும்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடியெல்லாம் நெனைக்கலங்க. வக்கீலப் பாத்தப்பகூட.”

எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. இதை மறைப்பதில் பயனில்லை. தயிரைப் பற்றி. வாய்வரை வந்தது. முதல் தடவையாக அதை விழுங்கினேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கும் மேலாகவே உட்கார்ந்திருந்திருப்பேன். அவளும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். என் கையின் மேல் ஒரு முறை கையை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

“இப்ப வர்றேன்,” என்றேன். “வண்டியை இங்கயே விட்டுட்டு வர்றேன்.”

“இப்ப வேணாங்க.” மிகவும் மென்மையாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினோம். அவள் ஊற்ற, நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செங்கல் நிறத்தில் சேறு பொங்கி வந்தது. “கார நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு வேணாம்,” என்றாள். “இதுல ஏறி உக்காந்தா இந்த நாலயும் பாத்துக்கினே ஓட்டணும். என்னால முடியாது.”

பழுப்புக் கவரை எடுத்தாள். பானெட் சூடு, மேல்கூரையும் வெயிலில் சூடு. கல்லூரி விடைத்தாள் கட்டு வைக்கும் அட்டை ஒன்று அவள் பையில் இருந்தது. அதன்மேல் வைத்துக் கொடுத்தாள். எல்லாப் பக்கத்திலும் எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். பரீட்சைத் தாளில் மாணவர்களுக்குப் போடுவது போல. போட்டேன். கையெழுத்து நேராகவே விழுந்தது. நாலரை மாதம் சின்னச் சின்னத் திருகுகளை முடுக்கிய கை. ஒரு பக்கத்தில் தேதி போட மறந்துவிட்டேன். “தேதி,” என்றாள். போட்டேன்.

சிதம்பரம் போகும் பஸ் ஒன்று கடலூர்ப் பக்கமிருந்து வந்தது. அவள் கை காட்டினாள். நின்றது. அவள் ஏறினாள். என்னை அறியாமல் நானும் பின்னாலேயே போய்க் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. கேன்களை எடுத்துக் கொடுக்க என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேன்கள் காருக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

கண்டக்டர் டிக்கெட் கட்டையும் விசிலையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். “சிதம்பரமா? ரெண்டா? மேல ஏறி வா சார், படியில நிக்காத.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி, சாலையோரத்தில் வாயைத் திறந்தபடி நின்றிருந்த காரைப் பார்த்தாள். அப்புறம் கண்டக்டர் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணுதாங்க. அவரு வரல.”

கண்டக்டர் விசில் அடித்தார். நான் காலை எடுத்தேன்.